எலியைக் காப்பாற்றிய மருந்துகள் எங்கே போயின?

குருதி போகாவிட்டால் உறுப்பு செத்துப்போகும். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் நின்றுபோன குருதி திரும்ப வருகிற நேரத்தில் அந்த உறுப்பு இன்னும் மோசமாகக் காயப்படும் என்று சொன்னால், ஏ.எல். இல் பயோ படித்தவர்கள்கூட ஒருக்கா யோசிப்பார்கள். மருத்துவத்தில் இதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரைக்குள் நாங்கள் அதை ‘மீள்குருதிச் சேதம்’ என்று கூப்பிடப்போகிறோம். இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றிலும் இது நடக்கும். அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் பொல்லாத இடம் குடல்.

குடலை இந்தச் சேதத்திலிருந்து காப்பாற்ற மருந்து தேடத் தொடங்கி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. எலிகளில் பலன் தந்ததாக எழுதப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது: அலோபியூரினோல், விற்றமின் சி, விற்றமின் ஈ, என்-அசிற்றைல்சிஸ்ரீன், மெலற்றோனின், சில்டெனபில், எங்கட குசினி மஞ்சளில் இருக்கிற குர்குமின். இவ்வளவும் இருந்தும், குடலின் மீள்குருதிச் சேதத்தைத் தடுப்பதற்கென்றே வழமையான சிகிச்சையாக ஏற்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இன்றைக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இல்லை.

எலிகளை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றுகிற மருந்துகள் ஏன் மனிசரிட்ட வந்து சேரவில்லை? எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். பிழை மருந்துகளில் மட்டும் இல்லை. கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது. நோயாளியின் கேள்வி ஒன்று, ஆய்வுகூடம் பதில் தேடியது வேறொன்று. இது விஞ்ஞானபீடத்தாருக்கு மட்டும் உரிய விசயம் இல்லை என்றும் நாங்கள் நினைக்கிறோம்.

குடலுக்குள் நடப்பது என்ன?

சிறுகுடலின் உட்சுவர் முழுக்கச் சடைமுளைகள். அவற்றை மூடியிருக்கிற கலங்கள் மூன்று தொடக்கம் ஐந்து நாட்களுக்குள் முழுசாகப் புதுப்பிக்கப்படும். உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிற இழையங்கள் குறைவு. வேகமாக வேலைசெய்கிற இடத்துக்கு ஒட்சிசனும் நிறையத் தேவை. சடைமுளையின் நுனிக்கோ சாதாரண நேரத்திலேயே ஒட்சிசன் மட்டுமட்டாகத்தான் போகிறது. ஆகவே குருதி குறைந்தால் முதலில் அடிவாங்குவது நுனிதான்.

குருதி ஏன் நிற்கிறது? இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத ஒருவரின் இதயத்துக்குள் உருவான குருதிக்கட்டி, நாடி வழியே போய்ச் சிறுகுடலுக்கான பிரதான நாடியை அடைக்கலாம். குடல் முறுக்கிக்கொள்ளலாம். ஹேர்னியா இறுகலாம். பெரிய விபத்தில் குருதி இழந்தவரின் உடம்பு, மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகக் குடலுக்குப் போவதைத் தானாகவே குறைத்துவிடும். பெருநாடிச் சத்திரசிகிச்சையிலும், உறுப்பு மாற்றுச் சிகிச்சையிலும் குருதியோட்டம் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்தப்படும். ஆகவே இதை வயதானவர்களின் வருத்தம் என்று மட்டும் ஒதுக்கிவைக்க முடியாது. முறுக்கும் ஹேர்னியாவும் விபத்தும் வயது பார்த்து வருவதில்லை.

குருதி இல்லாத நேரத்தில் கலம் தன்னிடமிருக்கிற ஏ.ரி.பி. என்ற சக்திச் சேமிப்பை உடைத்து உடைத்துச் செலவழிக்கிறது. உடைந்து மிஞ்சுவது ஹைப்போசாந்தின் என்ற பொருள். அது கலத்துக்குள் குவிகிறது. அதோடு சாந்தின் ஒக்சிடேஸ் என்ற நொதியமும் தயாராகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் விறகும் எண்ணெயும் குவித்துவைத்த மாதிரி. நெருப்பு மட்டும்தான் இல்லை. குருதி திரும்ப வருகிறபோது அதோடு ஒட்சிசன் வருகிறது. நொதியம் அந்த ஒட்சிசனைப் பிடித்து சுப்பர்ஒக்சைட் போன்ற தீவிரமான மூலிகங்களாக மாற்றுகிறது. அவை கலமென்சவ்வுகளை அரிக்கின்றன. பின்னால் வெண்குருதிக் கலங்கள் வந்து குவிந்து அழற்சியைக் கூட்டுகின்றன.

குடலை மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபடுத்துகிற இன்னொரு விசயம் இருக்கிறது. குடலின் சுவர் ஒரு வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். வேலி பிரிந்தால் அவையும் அவற்றின் நஞ்சுகளும் குருதிக்குள் இறங்கும். ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். குடலில் தொடங்கிய வருத்தத்தில் ஆள் மூச்சுத்திணறிச் சாவதற்குக் காரணம் இதுதான். குடலின் நாடி திடீரென அடைபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோகிறார்கள் என்றுதான் பல தசாப்தங்களாக மருத்துவ நூல்கள் எழுதிவந்தன. தப்புகிறவர்களில் சிலருக்குக் குடலின் பெரும்பகுதி வெட்டப்பட்டு, சாப்பாட்டை நாளத்தின் வழியே ஏற்றுகிற வாழ்க்கை மிஞ்சும்.

ஒரு நல்ல கண்டுபிடிப்பு

இந்த விளக்கம் சும்மா கிடைத்ததில்லை. 1969 இல் ஜோ மக்கோர்டும் இர்வின் பிரிடோவிச்சும் சுப்பர்ஒக்சைட்டைச் செயலிழக்கச் செய்கிற நொதியம் உடம்பில் இருப்பதைக் காட்டினார்கள். 1981 இல் நீல் கிரேஞ்சர், மக்கோர்ட் ஆகியோரின் குழு, பூனையின் குடலில் அதே நொதியத்தைக் கொடுத்தால் சேதம் குறைகிறது என்று எழுதியது. 1986 இல் பார்க்ஸும் கிரேஞ்சரும் செய்த ஒப்பீடு மிகவும் எளிமையானது. ஒரு பக்கம், நான்கு மணித்தியாலம் குருதி குறைக்கப்பட்ட குடல். மற்றப் பக்கம், மூன்று மணித்தியாலம் குறைத்து ஒரு மணித்தியாலம் குருதி திருப்பி விடப்பட்ட குடல். குறைந்த நேரம் பட்டினி கிடந்த இரண்டாவது குடல்தான் கூடுதலாகக் காயப்பட்டிருந்தது. அதாவது திரும்பிவந்த குருதிக்கும் அந்தக் காயத்தில் பங்கு உண்டு.

அந்த நொதியத்தைத் தடுக்கிற மருந்து ஏற்கனவே கையில் இருந்தது. அலோபியூரினோல். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிற ‘கவுட்’ வருத்தக்காரருக்குக் கொடுக்கிற அதே குளிசை. எங்கட ஊர்ப் பார்மசிகளிலும் இருக்கும். அதை உருவாக்கிய கேர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் 1988 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். எலியன் கலாநிதிப் பட்டத்தை முடிக்காமலேயே அந்த இடத்துக்கு வந்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறோம். ஆய்வேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆக்களுக்கு உதவும்.

காரணம் தெரியும், நொதியம் தெரியும், மருந்தும் கையில். இனி என்ன, நோயாளிக்குக் கொடுக்கவேண்டியதுதானே என்று எவருக்கும் தோன்றும். அங்கேதான் விசயம் இறுகியது.

எலியின் மணிக்கூடும் அப்பாச்சியின் மணிக்கூடும்

வழமையான எலிப் பரிசோதனை இப்படித்தான் இருக்கும். இளமையான, வருத்தம் ஒன்றுமில்லாத, பெரும்பாலும் ஆண் எலிகள். ஒரு குழுவுக்கு ஆறோ எட்டோ பத்தோ. மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறந்து, குடலுக்குப் போகும் பிரதான நாடியில் சின்னக் கிளிப் ஒன்றைப் போடுவார்கள். அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழித்துக் கிளிப்பை எடுப்பார்கள். கொஞ்ச நேரம் குருதி ஓடவிட்டு, எலியைக் கொன்று, குடலை மெல்லிசாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்து, 1970 இல் சியூ என்பவரின் குழு வகுத்த 0 தொடக்கம் 5 வரையான அளவுகோலில் புள்ளி போடுவார்கள். மருந்து கொடுத்த எலிக்குப் புள்ளி குறைவாக இருந்தால், ‘இந்த மருந்து குடலைக் காக்கிறது’ என்று கட்டுரை வரும்.

இதில் மருந்து எப்போது கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மிகப் பல ஆய்வுகளில் கிளிப் போடுவதற்கு முதல். சிலவற்றில் பல நாட்களுக்கு முதலே.

இப்போது ஒரு அப்பாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எழுபத்தைந்து. சீனி வருத்தம், பிறசர், ஒழுங்கில்லாத இதயத்துடிப்பு. ஏற்கனவே நான்கைந்து குளிசை. ஒரு இரவு பத்து மணிக்குக் குருதிக்கட்டி நாடியை அடைக்கிறது. வயிறு தாங்கமுடியாமல் நோகிறது, ஆனால் தொட்டுப் பார்த்தால் வயிறு மெதுவாகத்தான் இருக்கிறது. ‘சாப்பிட்டது சமிக்கேல்லையாக்கும்’ என்று ஓமத்தண்ணி கொடுக்கிறோம். விடியப் பார்ப்பம் என்கிறோம். விடியும்போது வலி கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருக்கலாம். அது சுகம் வந்ததால் என்று சொல்லமுடியாது. நரம்புகள் செத்துப்போனதாலும் வலி அடங்கும். ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிறது.

அந்த அப்பாச்சிக்கு, நாடி அடைபடுவதற்கு முதல்நாளே மருந்து கொடுக்க எவரால் முடியும்?

எலியின் மணிக்கூட்டை ஆய்வாளர் வைத்திருக்கிறார். அப்பாச்சியின் மணிக்கூடு ஒருவரிடமும் இல்லை. எலிக்கு வயது இல்லை, சீனி இல்லை, பெரும்பாலும் அது பெண்ணும் இல்லை. கலைப்பீடத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிற ஒரு கேள்வி உண்டு: இந்தப் பிரதிக்குள் யார் இல்லை? வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கேள்வி எவ்வளவு உதவுமோ அவ்வளவு மருத்துவச் செய்தியிலும் உதவும். மருந்து யாருக்குத் தேவையோ அவருடைய உடம்புதான் அந்தப் பரிசோதனைக்குள் இல்லை.

மஞ்சள் விசயமும் இதுதான். குர்குமின் எலிக் குடலில் சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் வாய்வழியாக எடுத்தால் அது குருதிக்குள் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படும் என்பதும் உண்மை. எலியின் உடல்நிறைக்கு ஏற்றபடி அளந்து கொடுத்த குர்குமினுக்கும் எங்கட பருப்புக்கறிக்கும் இடையில் பெரிய தூரம். ‘மஞ்சள் குடல் அழுகலைத் தடுக்கும்’ என்ற சாயலில் வட்ஸ்அப்பில் வருகிற செய்திகள் அந்தத் தூரத்தை ஒரு வசனத்தில் தாண்டிவிடுகின்றன. மஞ்சள் தின்றதால் ஒருவரும் கெட்டுப்போகப் போவதில்லை. மஞ்சள்தண்ணியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்துவதுதான் ஆளைக் கொல்லும்.

மற்ற உறுப்புகள் ஏற்கனவே படித்த பாடம்

குடலுக்கு மட்டும் நடந்த கதையில்லை இது. 2006 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, பாரிசவாதத்துக்கு ஆய்வுகூடங்களில் பரிசோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைத் தேடி எடுத்தது. கிட்டத்தட்ட அவை எல்லாமே மனிசரிட்டத் தோற்றன, அல்லது மனிசர் வரைக்கும் வரவேயில்லை. எல்லா நிபந்தனைகளையும் பார்த்துப் பார்த்து நிறைவேற்றியதாகப் புகழப்பட்ட என்.எக்ஸ்.வை.-059 என்ற மருந்து 2006 இல் ஒரு பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. அடுத்த வருடம், 3,000 இற்கு மேற்பட்ட நோயாளிகளோடு நடந்த ஆய்வில் அந்த நம்பிக்கை கரைந்தது. இதயத்திலும் அப்படித்தான். சைக்ளோஸ்போரின் 2008 இல் 58 நோயாளிகளில் மாரடைப்பின் சேதத்தைக் குறைத்தது. 2015 இல் 970 பேரில் பரிசோதித்தபோது பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி? சின்னக் குழுவில் தற்செயலும் வெற்றி மாதிரித் தெரியும். எந்த எலிக்கு மருந்து கிடைத்தது என்று தெரிந்தவரே புள்ளியும் போட்டால், தெரிந்தோ தெரியாமலோ கண் சாயும். பலன் தராத ஆய்வுகளில் பல இலாச்சிக்குள்ளேயே கிடந்துவிடும், பலன் தந்தவை அச்சேறும். எலிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத, பார்ப்பவருக்கு மறைக்காத ஆய்வுகள்தான் மருந்தைக் கூடுதலாகப் புகழ்கின்றன என்று பாரிசவாத ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 2010 இல் ‘அரைவ்’ என்ற வழிகாட்டல் வந்தது. எத்தனை விலங்கு, எப்படிப் பிரித்தீர்கள், யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் வெளிப்படையாக எழுதுங்கள் என்கிறது அது.

இதை ஒரு அறப் பிரச்சினையாகவும் நாங்கள் பார்க்கிறோம். விலங்குகளில் ஆய்வே வேண்டாம் என்று சொல்கிற நண்பர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களோடு முழுசாக உடன்பட எங்களால் முடியவில்லை. அந்தப் பூனைகள் இல்லாமல் மீள்குருதிச் சேதம் என்ற ஒன்றே விளங்கியிருக்காது. ஆனால் விடை ஏற்கனவே தெரிந்த ஒரு கேள்வியை, மருந்தின் பெயரை மட்டும் மாற்றி, இன்னொருக்காக் கேட்பதற்காக எலியைக் கொல்வதற்கு என்ன நியாயம்? ஒரு உயிரைச் செலவழித்தால் அதுக்கு ஈடாக ஒரு புதுக் கேள்வியாவது இருக்கவேண்டும்.

அப்ப மருந்தே வேண்டாமா?

வேண்டும். ஆனால் சரியான இடத்தில் தேடவேண்டும் என்பதுதான் எங்கட வாதம்.

மணிக்கூடு எங்கட கையில் இருக்கிற இடங்களும் மருத்துவத்தில் உண்டு. பெருநாடிச் சத்திரசிகிச்சையில் நாடியை எப்போது பிடிக்கப்போகிறோம், எப்போது விடப்போகிறோம் என்று வைத்தியருக்குத் தெரியும். உறுப்பு மாற்றில், உறுப்பு எடுக்கப்படும் நேரமும் பொருத்தப்படும் நேரமும் தெரியும். அங்கே முற்கூட்டியே மருந்து கொடுப்பது சாத்தியம். அலோபியூரினோல் உண்மையில் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். 1980களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்ட்டும் உருவாக்கிய உறுப்புப் பாதுகாப்புத் திரவத்தில் அலோபியூரினோலும் குளுற்றதயோனும் சேர்க்கப்பட்டன. ஈரலையும் சதையியையும் சிறுநீரகத்தையும் குளிரில் வைத்து ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அந்தத் திரவம் உலகம் முழுக்கப் பயன்பட்டது. கண்டுபிடிப்பு வீணாகவில்லை. நேரம் தெரிந்த இடத்தில் அதுக்கு ஒரு வேலை கிடைத்தது.

மனிசரின் குடலையே கேட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ற் நகர ஆய்வாளர்கள் செய்தது எங்களுக்கு மிகவும் பிடித்தது. சதையிச் சத்திரசிகிச்சையில் எப்படியும் வெட்டி எடுக்கப்படவிருந்த சிறுகுடல் துண்டொன்றை, நோயாளியின் சம்மதத்தோடு, எடுப்பதற்கு முதல் 30 நிமிடம் குருதி நிறுத்தித் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். 2008 இல் வெளிவந்த அந்த முடிவு ஒரு ஆச்சரியம். அவ்வளவு நேரச் சேதத்தை மனிசக் குடல் தானே திருத்திக்கொள்கிறது. காயப்பட்ட கலங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சக் கலங்களை இழுத்து மூடிக்கொள்கிறது. குறுகிய நேரத் தடையில், குடல் தானாகவே செய்கிற வேலைக்கு மருந்து பெயர் வாங்கிவிடக்கூடும். இந்த மாதிரி ஆய்வு கஷ்டம், மெதுவானது, ஒரு வருடத்தில் பத்துக் கட்டுரை தராது. ஆனாலும் கேள்வி சரியானது.

நேரம்தான் முதல் மருந்து

நாடி அடைபட்ட அப்பாச்சிக்கு இன்றைக்கு என்ன இருக்கிறது? நாளத்தால் திரவம், ஒட்சிசன், குருதி உறையாமல் ஹெப்பரின், குடல் பற்றீரியாக்களுக்கு எதிரான அன்ரிபயோற்றிக், இறுகிப்போன நாடியைத் தளர்த்தச் சிலருக்கு நேராக நாடிக்குள் விடுகிற பபவெரின். எல்லாவற்றுக்கும் மேலாக, அடைப்பை எடுப்பது. அதற்கு முதலில் சந்தேகம் வரவேண்டும், பிறகு நாடிகளைக் காட்டுகிற சி.ரி. ஸ்கான் எடுக்கவேண்டும். பிரான்ஸில், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள பூஜோன் ஆஸ்பத்திரியில், குடலுக்கு வருகிற ‘பாரிசவாதம்’ என்றே இதைக் கருதி இதற்கெனத் தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். குடல் வைத்தியரும் நாடிச் சத்திரசிகிச்சை நிபுணரும் கதிரியக்க நிபுணரும் ஒரே அழைப்பில் சேருவார்கள். அங்கே இருக்கிற பெரிய புதுமை அந்த ஒழுங்குதான்.

எங்கட நாட்டில் பிரதேச வைத்தியசாலைகளில் சி.ரி. ஸ்கான் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்பவேண்டும். அந்த மாற்றலில் கரைகிற ஒவ்வொரு மணித்தியாலமும் குடலின் ஒவ்வொரு அடி. ஆகவே குடலைக் காப்பது என்பது குளிசைப் பெட்டிக்குள் மட்டும் இருக்கிற விசயமில்லை. றோட்டிலும், அம்புலன்சிலும், ஸ்கான் எடுக்க இரவில் ஆள் இருக்கிறாரா என்பதிலும் அது இருக்கிறது. இதைக் கேட்பதற்கு வைத்தியராக இருக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத, அல்லது நாடி வருத்தம் உள்ள பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பொறுக்கமுடியாத வயிற்றுவலி வந்தால் விடியும்வரை பார்க்கவேண்டாம். 1990 சுவசெரிய இலவசம். வைத்தியரிடம் ‘இவருக்கு இதயத்துடிப்புப் பிரச்சினை இருக்கு, இன்ன நேரத்துக்கு வலி தொடங்கினது’ என்று அந்த இரண்டையும் சொல்லுங்கள். மணிக்கூடு ஒருவரிடமும் இல்லை என்று மேலே எழுதினோம். அதைக் கொஞ்சமாவது எங்கட கையில் எடுக்கிற வழி இதுதான்.

அடுத்தமுறை ‘குடலைக் காக்கும் அற்புத மருந்து’ என்று ஒரு செய்தி வந்தால், பகிர முதல் நான்கு கேள்வி கேட்போம். எந்த உயிரினத்தில்? எத்தனையில்? மருந்தைச் சேதத்துக்கு முதல் கொடுத்தார்களா, பிறகா? பார்த்தவருக்கு யாருக்கு மருந்து கிடைத்தது என்று தெரியுமா? இந்த நான்கையும் கேட்க ஏ.எல். இல் பயோ தேவையில்லை. வாசிக்கத் தெரிந்தால் காணும்.